பழைய வீடுகளுக்கான சொத்து வரிச் சலுகை: கலிபோர்னியாவின் மில்ஸ் சட்டம் யாருக்கு எவ்வளவு தருகிறது?

கலிபோர்னியாவில் நூறு வயதைத் தொட்ட ஒரு மரவீட்டின் உரிமையாளர், அதை இடிக்காமலும் உருமாற்றாமலும் பேணுவதாக நகராட்சியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டால், அவர் ஆண்டுதோறும் கட்டும் சொத்து வரி பாதிக்கும் கீழே இறங்கக்கூடும். 1972-இல் இயற்றப்பட்ட மில்ஸ் சட்டம் தரும் சலுகை இது. தாம் குடியிருக்கும் பழைய வீட்டைக் காப்பாற்ற நினைக்கும் தனிமனிதருக்கு அமெரிக்காவில் கிடைக்கும் உதவிகளில் இதுவே மிகப் பெரியவற்றுள் ஒன்று என்பதால், வரிச்சலுகையின் மூலம் பாரம்பரியக் கட்டடங்களைக் காப்பது பற்றிய விவாதம் எங்கு எழுந்தாலும் இச்சட்டம் முன்மாதிரியாகக் காட்டப்படுகிறது. அந்தப் பெருமைக்கு இச்சட்டம் தகுதியானதா என்பதை முடிவு செய்வதற்கு முன்பு, சலுகையின் அளவை எது நிர்ணயிக்கிறது என்று பார்க்க வேண்டும். வீட்டின் வயதோ, சிறப்போ, அதற்குத் தேவைப்படும் பழுதுபார்ப்போ அதை நிர்ணயிப்பதில்லை. பெரும்பாலும் உரிமையாளர் அந்த வீட்டை எந்த ஆண்டில் வாங்கினார் என்பதே நிர்ணயிக்கிறது. இது எப்படி நேர்ந்தது, அதை எந்த அளவுக்குச் சரிசெய்ய முடியும் என்பவையே இந்த ஆய்வின் பொருள்.

சட்டம் பிறந்த காலம்

சட்டத்துக்குப் பெயர் தந்த ஜேம்ஸ் மில்ஸ், சான் டியாகோவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மாநிலச் செனட்டர். அரசியலுக்கு வருவதற்கு முன்பு அந்நகரின் செர்ரா அருங்காட்சியகத்தில் காப்பாட்சியராக இருந்தவர். அமெரிக்க நகரங்களில் நெடுஞ்சாலைகளுக்காகவும் நகர்ப்புறச் சீரமைப்பு என்ற பெயரிலும் பழைய குடியிருப்புகள் தெருத்தெருவாக இடிக்கப்பட்டதை அவருடைய தலைமுறை நேரில் கண்டது. அதற்கு எதிர்வினையாக 1966-இல் கூட்டரசு, தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்து, பாதுகாக்கத் தக்க இடங்களுக்கான தேசியப் பதிவேட்டை உருவாக்கியது. ஆனால் பதிவேட்டில் பெயர் ஏறியதாலேயே ஒரு வீடு காப்பாற்றப்பட்டுவிடாது. தனியார் தம் சொந்தப் பணத்தில் அதை இடிக்க முனைந்தால், பதிவேட்டால் மட்டும் அவரைத் தடுக்க முடியாது.

இடிப்பதற்கான தூண்டுதல் வரியிலேயே இருந்தது. சொத்து வரி சந்தை மதிப்பின் மீது விதிக்கப்பட்டதால், நகரின் நடுவே அடுக்குமாடி எழுப்பத் தோதான மனையில் ஒரு சிறிய பழைய வீடு நின்றால், அந்த மனையில் என்னென்ன கட்ட முடியும் என்பதையும் சேர்த்தே மதிப்பு கணக்கிடப்பட்டது. வீட்டைப் பேணியவர், தாம் கட்டாத அடுக்குமாடிக்கும் சேர்த்து வரி செலுத்தினார். இந்த அழுத்தத்தைக் குறைப்பதே மில்ஸ் சட்டத்தின் மூல நோக்கம்: உரிமையாளர் ஒப்பந்தத்தின் மூலம் தம் கையைத் தாமே கட்டிக்கொண்ட பிறகு, அந்தக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பயன்பாட்டை மட்டும் கருதி வரி விதிக்க வேண்டும். 1976-இல் வாக்காளர்கள் இந்தக் கொள்கையை மாநில அரசியலமைப்பிலேயே சேர்த்தார்கள்.

இரண்டே ஆண்டுகளில் அடித்தளம் மாறிவிட்டது. 1978-இல் வாக்காளர்கள் வாக்கெடுப்பில் நிறைவேற்றிய முன்மொழிவு 13, சொத்து வரியின் அடிப்படை விகிதத்தை ஒரு சதவீதமாக வரையறுத்தது. வரிக்குரிய மதிப்பு ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் உயரக்கூடாது என்றது. வீடு கைமாறும்போது அது புதிய சந்தை விலைக்கு மறுமதிப்பீடு செய்யப்படும் என்றது. பழைய உரிமையாளர், புதிய உரிமையாளர் என்ற வேறுபாடின்றி எல்லாரும் சந்தை மதிப்பில் வரி கட்டிய காலத்துக்காக வகுக்கப்பட்டது மில்ஸ் சட்டம். முன்மொழிவு 13-க்குப் பிறகோ, நீண்ட காலம் ஒரே வீட்டில் இருப்பவருக்குத் தனிச்சலுகை எதுவும் இல்லாமலேயே வரி குறைந்துவிட்டது. மில்ஸ் சலுகை அதற்கு மேல் போய் உட்கார்ந்தது. இன்று அதில் தெரியும் கோணல்களில் பெரும்பாலானவை, வெவ்வேறு நோக்கங்களுக்காக எழுதப்பட்ட இந்த இரண்டு விதிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியதன் விளைவே.

கூட்டரசு ஏன் இந்த இடத்தை நிரப்பவில்லை என்ற கேள்விக்கும் இங்கேயே விடை சொல்லிவிடலாம். பழைய கட்டடத்தைப் பழமை மாறாமல் புதுப்பிக்க ஆகும் செலவில் 20 சதவீதத்தைக் கூட்டரசு வருமான வரியில் கழித்துத் தருகிறது. 2017-ஆம் ஆண்டு வரித் திருத்தத்துக்குப் பின் அந்தத் தொகை ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. ஆனால் வருமானம் ஈட்டும் கட்டடங்களுக்கு மட்டுமே இந்தக் கழிவு உண்டு. வாடகைக்கு விட்டவர் கேட்கலாம். தாமே குடியிருப்பவர் கேட்க முடியாது. அவருக்கு மாநிலமும் நகராட்சியும்தான் வழிகாட்ட வேண்டும்.

ஒப்பந்தத்தில் இருப்பவை

மில்ஸ் சட்டத்தில் சேர்வதும் சேராததும் அந்தந்த நகரத்தின் விருப்பம். சேர்ந்த நகரத்தில், தனியாருக்குச் சொந்தமான, சொத்து வரி விலக்குப் பெறாத ஒரு கட்டடம் தேசியப் பதிவேட்டிலோ மாநில அல்லது உள்ளூர்ப் பதிவேட்டிலோ இடம்பெற்றிருந்தால், அதன் உரிமையாளர் ஒப்பந்தத்துக்கு விண்ணப்பிக்கலாம். குறைந்தபட்சக் காலம் பத்து ஆண்டுகள். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஒப்பந்தம் தானாகவே ஓராண்டு நீள்வதால், மீதிக் காலம் எப்போது எண்ணிப் பார்த்தாலும் பத்து ஆண்டுகளாகவே இருக்கும். வெளியேற விரும்பும் உரிமையாளர், புதுப்பிப்பு நாளுக்கு 90 நாட்களுக்கு முன்பே அறிவித்தாக வேண்டும். அறிவித்த பிறகும் எஞ்சிய ஆண்டுகள் முழுதும் கட்டுப்பாடுகள் நீடிக்கும். வரிமதிப்பு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு படிப்படியாக ஏறி வழக்கமான நிலைக்குத் திரும்பும். ஒப்பந்தத்தை மீறினால் நகராட்சி விசாரணை நடத்தி அதை ரத்து செய்யலாம். அப்போது செலுத்த வேண்டிய அபராதம், கட்டடத்தின் முழுச் சந்தை மதிப்பில் பன்னிரண்டரை சதவீதம். பத்து லட்சம் டாலர் வீட்டுக்கு இது 1,25,000 டாலர் என்பதால், பல ஆண்டுகளாகச் சேமித்தது ஒரே நாளில் கைவிட்டுப் போகும்.

ஒப்பந்தம் ஆளோடு ஒட்டியதல்ல, நிலத்தோடு ஒட்டியது. கையெழுத்தான 20 நாட்களுக்குள் அது கவுன்ட்டியின் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) பதிவாளரிடம் பதிவாகிவிடும். வீட்டை விற்றால் கடமைகளும் சலுகைகளும் சேர்ந்தே வாங்குபவருக்குச் செல்லும். இந்த ஏற்பாட்டின் விளைவு என்ன என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பதிவேட்டில் ஏறுவதற்கே தனி உழைப்பும் செலவும் தேவைப்படுகின்றன. வீட்டைக் கட்டியவர் யார், வடிவமைத்தவர் யார், எந்தெந்த ஆண்டில் எதெது மாற்றப்பட்டது என்பவற்றைப் பழைய கட்டட அனுமதிகள், விற்பனைப் பத்திரங்கள், நகரக் கையேடுகள், தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காக வரையப்பட்ட சான்பார்ன் வரைபடங்கள் ஆகியவற்றிலிருந்து தொகுத்து அறிக்கையாக அளிக்க வேண்டும். பெரும்பாலானோர் இதற்கென ஓர் ஆலோசகரை அமர்த்திக்கொள்கிறார்கள். அதற்கு மேல் நகராட்சியின் விண்ணப்பக் கட்டணமும் உண்டு. சலுகை வந்து சேர்வதற்கு முன்பே கையிலிருந்து பணம் போக வேண்டும் என்ற நிலை, யார் விண்ணப்பிக்கிறார்கள் என்பதை அப்போதே ஓரளவு வடிகட்டிவிடுகிறது.

ஒரே தெருவில் இரண்டு வீடுகள்

சலுகையின் கணக்கு பொதுவாக யாரும் எட்டிப் பார்க்காத பகுதி. இந்த விவகாரத்தின் மையமும் அதுவே. கவுன்ட்டி மதிப்பீட்டாளர், ஒப்பந்தத்துக்குட்பட்ட வீட்டை அதன் விற்பனை விலையைக் கொண்டு மதிப்பிடுவதில்லை. அதை வாடகைக்கு விட்டால் எவ்வளவு கிடைக்கும் என்று கணித்து, செலவுகளைக் கழித்து, நிகர வருமானத்தை ஒரு விகிதத்தால் வகுத்து மதிப்பைக் கண்டறிகிறார். உரிமையாளரே குடியிருந்தாலும் இதே முறைதான். வகுக்கும் விகிதம் நான்கு கூறுகளின் கூட்டுத்தொகை. முதலாவது, வீட்டுக்கடன் வட்டியைப் பின்பற்றி மாநில வரிச் சமன்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் அறிவிக்கும் வட்டிக் கூறு. இரண்டாவது, பாரம்பரியச் சொத்தை வைத்திருப்பதன் இடருக்காகச் சேர்ப்பது. உரிமையாளர் குடியிருக்கும் தனிவீட்டுக்கு 4 சதவீதம், மற்றவற்றுக்கு 2 சதவீதம். மூன்றாவது, அப்பகுதியின் சொத்து வரி விகிதம். நான்காவது, கட்டடத்தின் எஞ்சிய ஆயுளை வைத்துக் கணக்கிடும் தேய்மானக் கூறு. இப்படிக் கிடைக்கும் மதிப்பு, முன்மொழிவு 13-இன்படியான மதிப்பு, நடப்புச் சந்தை மதிப்பு ஆகிய மூன்றில் எது மிகக் குறைவோ அதன் மீதே வரி விதிக்கப்படும்.

இதை எண்களில் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. முறை சட்டத்தில் உள்ளதே. ஒரே தெருவில், ஒரே ஆண்டில், ஒரே கட்டுமானக்காரர் கட்டிய இரண்டு பங்களாக்கள் இருப்பதாகக் கொள்வோம். இரண்டுக்கும் இன்று பத்து லட்சம் டாலர் விலை. இரண்டும் செலவு போக ஆண்டுக்கு 45,000 டாலர் நிகர வாடகை ஈட்டக்கூடியவை. இரண்டிலும் உரிமையாளரே குடியிருக்கிறார். வட்டிக் கூறு 5, இடர்க் கூறு 4, வரி 1.1, தேய்மானம் 0.8 என்று வைத்தால் விகிதம் 10.9 சதவீதம் ஆகும். 45,000-ஐ இதனால் வகுத்தால் மில்ஸ் மதிப்பு சுமார் 4,13,000 டாலர். இது இரண்டு வீடுகளுக்கும் பொது.

முதல் வீட்டை அதன் உரிமையாளர் அண்மையில்தான் பத்து லட்சத்துக்கு வாங்கினார். ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவருடைய வரி 11,000 டாலர். ஒப்பந்தத்தின் கீழ் சுமார் 4,540. ஆண்டுக்கு ஏறத்தாழ 6,460 டாலர், அதாவது 59 சதவீதம், மிச்சமாகிறது. இரண்டாவது வீட்டின் உரிமையாளர் அதை 1980-இல் 1,20,000 டாலருக்கு வாங்கி, அன்று முதல் அங்கேயே வாழ்ந்துவருகிறார். ஆண்டுக்கு இரண்டு சதவீதமாக ஏறிய அவருடைய வரிமதிப்பு 2024-இல் சுமார் 2,87,000 டாலரை எட்டியிருக்கும்; வரி 3,155 டாலர் அளவில் இருக்கும். இது மில்ஸ் மதிப்பைவிடக் குறைவு. மூன்றில் குறைந்ததே செல்லும் என்பதால் ஒப்பந்தம் அவருக்கு ஒரு டாலரைக்கூட மிச்சப்படுத்தாது. இருந்தும் ஜன்னலை மாற்ற அனுமதி கேட்பது, ஆய்வுக்குக் கதவைத் திறந்துவிடுவது, பன்னிரண்டரை சதவீத அபராதத்தின் நிழலில் வாழ்வது ஆகிய கடமைகள் மட்டும் முதல் வீட்டுக்காரருக்கு உள்ளபடியே அவருக்கும் வந்து சேரும்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே வீட்டில் வாழ்பவருக்கு வயதாகியிருக்கும். அவர் ஓய்வூதியத்தில் வாழ்பவராக இருக்கலாம். வீட்டின் கூரையும் குழாய்களும் வயரிங்கும் அவரோடு சேர்ந்தே முதுமை அடைந்திருக்கும். உதவி மிகவும் தேவைப்படும் வீடு பெரும்பாலும் இரண்டாவது வீடாகவே இருக்கும். வாங்கும்போதே கடனும் சேமிப்பும் திரட்டி, வீட்டை ஓரளவு செப்பனிட்டுக் குடிபுகுபவர் முதல் வீட்டுக்காரர். மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகமும் இதை மறைப்பதில்லை. 40 முதல் 60 சதவீதம் வரை வரி குறையலாம் என்று அது சொல்வது அண்மையில் வாங்கப்பட்ட அல்லது மேம்படுத்தப்பட்ட பழைய சொத்துகளைக் குறித்தே.

வீட்டின் நிலையோடு தொடர்பில்லாத இன்னொரு காரணியும் கணக்கில் ஒளிந்திருக்கிறது. வட்டிக் கூறு 5-இலிருந்து 7 சதவீதமாக உயர்ந்தால், முதல் வீட்டுக்காரரின் மிச்சம் 7,160 டாலராக ஏறும். 3 சதவீதமாக இறங்கினால் 5,440 டாலராகக் குறையும். வீட்டுக்கடன் வட்டி ஏறும் ஆண்டில் நகராட்சி கூடுதலாக இழக்கிறது, உரிமையாளர் கூடுதலாகப் பெறுகிறார். இடையில் வீட்டில் ஓர் ஆணிகூட அடிக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை.

வாரிசுகளின் நிலையும் இதே தர்க்கத்தில் மாறியிருக்கிறது. 2021 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த முன்மொழிவு 19-இன்படி, பெற்றோரின் வீட்டைப் பெறும் பிள்ளை அதில் குடியேறினால்தான் பழைய வரிமதிப்பைத் தக்கவைக்க முடியும். அதற்கும் உச்சவரம்பு உண்டு. வாடகைக்கு விட்டால் வீடு சந்தை விலைக்கு மறுமதிப்பீடு ஆகிவிடும். தாய்க்குப் பயன்படாத ஒப்பந்தம் மகனுக்குத் திடீரெனப் பயன்படத் தொடங்குவது இப்படித்தான்.

பணம் எதற்காகச் செலவாக வேண்டும்

ஒப்பந்தத்தின்படி எந்தப் பணியும், பாரம்பரியக் கட்டடங்களுக்காக அமெரிக்கக் கூட்டரசின் உள்துறைச் செயலர் வகுத்த புதுப்பிப்பு நெறிகளுக்கு உட்பட வேண்டும். பத்து நெறிகள் கொண்ட அந்தத் தொகுப்பில் வீட்டுக்காரர்களை அன்றாடம் தொடுவது ஆறாவது நெறி: சிதைந்த அங்கத்தை முடிந்தவரை பழுதுபார்க்க வேண்டும்; மாற்றியே தீர வேண்டுமென்றால் வடிவம், நிறம், மேற்பரப்பு ஆகியவற்றிலும், இயலுமானால் பொருளிலும், பழையதை ஒத்திருக்க வேண்டும்.

ஒரு ஜன்னலை எடுத்துக்கொண்டால் இதன் பொருள் தெளிவாகும். 1910-களில் கட்டப்பட்ட ஒரு வீட்டில், மேலும் கீழும் நகரும் மரச் சட்டங்கள் கொண்ட ஜன்னல்கள் இருக்கும். சுவருக்குள் மறைந்த குழியில் இரும்பு எடைகள் கயிற்றில் தொங்கும். அவற்றின் பலத்தில்தான் சட்டம் விட்ட இடத்தில் நிற்கும். கயிறு அறுந்து, பல அடுக்குப் பெயின்ட் ஒட்டிக்கொண்டு, கீழ்ப்படி மழையில் உளுத்துப்போன நிலையில், சந்தையில் எளிதாகக் கிடைக்கும் தீர்வு பிளாஸ்டிக் ஜன்னல். ஒரே நாளில் பொருத்திவிட்டுப் போய்விடுவார்கள். நெறிப்படி செய்ய வேண்டுமானால் சட்டத்தைக் கழற்றி, ஈயம் கலந்த பழைய பெயின்டைப் பாதுகாப்பாகச் சுரண்டி, உளுத்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துப் புது மரத்தை ஒட்டி, கண்ணாடியைச் சுற்றிப் புதிதாக மக்கு வைத்து, கயிறு மாற்றித் திரும்பப் பூட்ட வேண்டும். பொருட்செலவு சொற்பம், கூலிதான் அதிகம், அதைவிட அந்த வேலை தெரிந்த தச்சரைத் தேடிப் பிடிப்பது கடினம். ஆனால் அந்த மரம் இன்று காட்டில் கிடைக்காத முதிர்ந்த மரம். பழுதுபார்த்தால் இன்னும் பல பத்தாண்டுகள் நிற்கும். இந்தச் செலவு வித்தியாசத்தைச் சமூகம் பகிர்ந்துகொள்வதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் தெருவில் நடப்பவர் எல்லாரும் பார்ப்பது அந்த ஜன்னலைத்தான்.

அஸ்திவாரத்தில் மரச்சட்டத்தை ஆணித்தண்டுகளால் பிணைத்து நிலநடுக்கத்துக்கு வலுவூட்டுவது, பீங்கான் குமிழ்களில் ஓடும் பழைய மின்கம்பிகளை மாற்றுவது, செங்கல் புகைபோக்கியைத் தாங்கவைப்பது ஆகியவையும் பணித்திட்டங்களில் அடிக்கடி இடம்பெறும். வெளியே தெரியாதவை என்பதால் இவற்றைத் தள்ளிப்போடும் ஆசை எவருக்கும் எழும்.

அங்கேதான் சட்டத்தின் தளர்ச்சி தெரிகிறது. மிச்சமான வரியை வீட்டிலேயே செலவிட வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்லவில்லை. வீட்டைப் பேண வேண்டும், தேவையான இடத்தில் புதுப்பிக்க வேண்டும் என்பதோடு அது நிறுத்திக்கொள்கிறது. நல்ல நிலையில் உள்ள வீட்டை வாங்கியவர், பெயின்ட் அடித்து, கூரை ஓடுகளைச் சரிபார்த்து, மீதியைத் தம் பையில் போட்டுக்கொண்டாலும் மாநிலச் சட்டத்தை மீறியவர் ஆகமாட்டார். நகரங்கள் வேண்டுமானால் ஒப்பந்தத்தில் கூடுதல் நிபந்தனைகளைச் சேர்க்கலாம். சில நகரங்கள் பத்தாண்டுப் பணித்திட்டத்தைக் கேட்டு, மிச்சத்தை வீட்டிலேயே போட வேண்டும் என்கின்றன. வேறு சில, வரிமதிப்பு ஒரு வரம்பைத் தாண்டிய வீடுகளைச் சேர்ப்பதில்லை.

கண்காணிப்பைப் பொறுத்தவரை, ஒப்பந்தத்துக்கு முன்பும் பின்னர் ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் உள்ளும் புறமும் ஆய்வு நடக்க வேண்டும் என்று சட்டம் விதிக்கிறது. நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்கள் கொண்ட நகரத்தில், கைவிரல் விட்டு எண்ணத்தக்க பணியாளர்களை வைத்துக்கொண்டு இதைச் செய்வது சுலபமல்ல. ஆய்வு தவறினால் அபராத விதி வெறும் காகிதத்தில்தான் இருக்கும்.

யார் பணம், யார் முடிவு

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது நகராட்சி. ஆனால் குறையும் வரி அதனுடையது மட்டுமல்ல. கலிபோர்னியாவில் சொத்து வரி கவுன்ட்டி, பள்ளி மாவட்டங்கள், சிறப்பு மாவட்டங்கள் (தண்ணீர், தீயணைப்பு போன்ற ஒரு பணிக்கென அமைந்த உள்ளூர் அமைப்புகள்) ஆகியவற்றுக்கும் நகராட்சிக்கும் இடையே பிரிகிறது. சான் டியாகோவில் நகராட்சிக்குச் சேர்வது ஒவ்வொரு டாலரிலும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். பள்ளிகளின் இழப்பைப் பெரும்பாலான மாவட்டங்களில் மாநிலக் கருவூலம் ஈடுகட்டிவிடுகிறது. ஆகவே நகர மன்றத்துக்குத் தாராளமாக இருப்பது எளிது: ஒரு டாலர் சலுகையில் அதன் கையிலிருந்து போவது சில சென்டுகள். பேசும் அவையில் இல்லாதவர்களே பெரும்பங்கைச் சுமக்கிறார்கள். இதை நான் சட்டத்தின் மிகப் பெரிய அமைப்புக் குறையாகக் கருதுகிறேன். வீட்டுக்காரர்களின் பேராசை பற்றிய புகார்கள் இதற்கு அடுத்தபடிதான்.

வரிமிச்சம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதற்குச் சந்தை ஒரு விடை தருகிறது. சான் டியாகோ பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, அந்நகரில் பாரம்பரிய அந்தஸ்து பெற்ற தனிவீடுகளின் விலை சுமார் 16 சதவீதம் கூடுவதாகவும், அந்த உயர்வு வரிமிச்சத்தின் மூலதன மதிப்பைவிட (வருங்கால மிச்சங்கள் அனைத்தின் இன்றைய மதிப்பைவிட) அதிகம் என்றும் கண்டது. அந்தஸ்துக்கே மதிப்பு இருக்கிறது என்று இதைப் படிக்கலாம். ஆனால் அந்தஸ்துக்கு விண்ணப்பிப்பது உரிமையாளரின் சொந்த விருப்பம் என்பதால், ஏற்கெனவே அழகாகவும் கவனமாகவும் பேணப்பட்ட வீடுகளே அதிகம் விண்ணப்பிக்கும் என்பதையும் சேர்த்துத்தான் அந்த எண்ணை எடைபோட வேண்டும். ஒன்று உறுதி: எதிர்கால வரிமிச்சம் விற்பனை விலையில் ஏறிவிட்டால், அதை வாங்குபவர் அதற்கான பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டார், அவருக்கு அது சலுகையாகத் தோன்றாது, தாம் விலை கொடுத்து வாங்கிய உரிமையாகவே தோன்றும். பிறகு நகராட்சி விதிகளை இறுக்க முனைந்தால் எதிர்ப்பு ஏன் அத்தனை கடுமையாக வருகிறது என்பதற்கும் இதுவே காரணம்.

லாஸ் ஏஞ்சலஸ் இந்தச் சிக்கலை நேரடியாக எதிர்கொண்டது. 1983-இல் ஏஞ்சலினோ ஹைட்ஸ் பகுதியை முதல் பாரம்பரியக் குடியிருப்பு வட்டாரமாக அறிவித்த அந்நகரம், 1996-இல் மில்ஸ் திட்டத்தில் இறங்கியது. வட்டாரத்தின் தன்மைக்குப் பங்களிக்கும் வீடு என்று வகைப்படுத்தப்பட்டாலே தகுதி உண்டு என்பதால், ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக அந்தஸ்துப் பெறும் சுமை அங்கே குறைந்தது. அது நல்ல ஏற்பாடு. ஒப்பந்தங்கள் பல நூறாகப் பெருகிய பிறகு, 2022-இல் திட்டத்தின் செயல்பாட்டையும் அதன் பயன் சமமாகப் பரவியிருக்கிறதா என்பதையும் நகரம் மதிப்பாய்வு செய்தது; புதிய விண்ணப்பங்களையும் நிறுத்தி வைத்தது. ஓக்லாந்து இன்னொரு வழியில் சென்றது: ஒப்பந்தங்கள் நகரின் பல பகுதிகளுக்கும் பரவ வேண்டும் என்பதைத் தேர்வு அளவுகோல்களில் ஒன்றாக வைத்தது.

செலவோடு கட்டிய சலுகை

மற்ற மாநிலங்கள் சில வேறு அச்சில் சிந்தித்திருக்கின்றன. இல்லினாயில், உரிமையாளர் குடியிருக்கும் பாரம்பரிய வீட்டின் சந்தை மதிப்பில் குறைந்தது 25 சதவீதத்தை நெறிப்படிப் புதுப்பிக்கச் செலவிட்டால், வரிமதிப்பு எட்டு ஆண்டுகளுக்கு உறைந்து நிற்கும். அடுத்த நான்கு ஆண்டுகளில் படிப்படியாக ஏறும். வாஷிங்டன் மாநிலத்தின் முறை இன்னும் நேரானது. கட்டடத்தின் மதிப்பில் 25 சதவீதத்துக்குக் குறையாமல் இரண்டு ஆண்டுகளுக்குள் செலவிட்டவருக்கு, அந்தச் செலவுத் தொகை பத்து ஆண்டுகளுக்கு வரிமதிப்பிலிருந்து கழிக்கப்படும். பணி முடிந்து, செலவுக்கான ஆதாரம் காட்டிய பிறகே சலுகை.

வாஷிங்டன் முறையை நம் இரண்டு வீடுகளுக்குப் பொருத்திப் பார்க்கலாம். கட்டடத்தின் பங்கு மொத்த மதிப்பில் 40 சதவீதம் என்று கொண்டால், 1980-இல் வாங்கியவருக்குக் குறைந்தபட்சச் செலவு சுமார் 28,700 டாலர். அவர் 60,000 டாலர் செலவிட்டால், ஆண்டுக்கு 660 டாலராகப் பத்து ஆண்டுகளில் 6,600 டாலர் மிச்சம். முதல் வீட்டுக்காரர் ஒரு லட்சம் செலவிட்டே ஆக வேண்டும். அவருக்கு மிச்சம் 11,000 டாலர். இருவருக்கும் செலவில் 11 சதவீதம் திரும்புகிறது. வாங்கிய ஆண்டு எதுவாயினும் விகிதம் மாறுவதில்லை. கலிபோர்னியாவில் முதல் வீட்டுக்காரர் அதே பத்து ஆண்டுகளில், எவ்வளவு செலவிட்டாலும் செலவிடாவிட்டாலும், 64,600 டாலர் பெறுகிறார். இரண்டாமவர் எதுவும் பெறுவதில்லை. நியாயத்தில் வாஷிங்டன் முறை மேலானது. ஆனால் 11 சதவீதத்துக்காக எவரும் பிளாஸ்டிக் ஜன்னலை விட்டுத் தச்சரைத் தேடிப் போவாரா என்பது சந்தேகமே. மேலும், முதலில் 60,000 டாலரைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதால், ஓய்வூதியத்தில் வாழும் உரிமையாளர் அங்கும் வாசலிலேயே நின்றுவிடுகிறார்.

ஆகவே நீண்ட கால உரிமையாளரை வரிச்சலுகையால் எட்ட முயல்வதே வீண் என்பது என் முடிவு. அவர் கட்டுவது ஏற்கெனவே சிறிய தொகை. அதிலிருந்து கழித்துத் தர அதிகம் இல்லை. அவருக்குத் தேவைப்படுவது கூரைக்கும் அஸ்திவாரத்துக்குமான நேரடி மானியம் அல்லது வீடு விற்கும்போது திருப்பிச் செலுத்தும் குறைந்த வட்டிக் கடன். ஒப்பந்தமே இல்லாமல் அவர் இன்றே பயன்படுத்தக்கூடியது ஒன்று உண்டு: மாநில வரலாற்றுக் கட்டட விதித்தொகுப்பு, தகுதியுள்ள பழைய கட்டடங்களுக்கு வழக்கமான விதிகளுக்கு மாற்றான தீர்வுகளை ஏற்க நகராட்சிகளைக் கடமைப்படுத்துகிறது. குறுகலான பழைய மாடிப்படியை இடித்துப் புது அளவில் கட்ட வேண்டிய கட்டாயத்திலிருந்து அது அவரைக் காப்பாற்றலாம்.

மில்ஸ் ஒப்பந்தங்களில் நகரங்கள் தாமாகவே செய்யக்கூடியது, மிச்சத்துக்கும் பணிக்கும் இடையே கணக்குப் போட்டுக் காட்டச் சொல்வது. ஆண்டுக்கு 6,460 டாலர் மிச்சப்படுத்துபவர் ஐந்தாண்டு ஆய்வின்போது சுமார் 32,300 டாலருக்கான பில்களை மேசையில் வைக்க வேண்டும் என்றால், நல்ல நிலையில் உள்ள வீட்டைக் காட்டிச் சலுகை மட்டும் வாங்கும் வழி அடைபடும். பழுது அதிகமுள்ள வீட்டை வாங்கத் துணிபவருக்கே ஒப்பந்தம் இலாபகரமாகும். மாநிலச் சட்டத்தைத் திருத்தாமலேயே இதைச் செய்யலாம்.

அதுவரை 1980-இல் வாங்கியவர் ஒப்பந்தத்தில் சேர ஒரே ஒரு பொருளாதாரக் காரணம்தான் மிஞ்சுகிறது. அவர் வீட்டை விற்கும் நாளில் அது பத்து லட்சத்துக்கு மறுமதிப்பீடு ஆகும். வாங்குபவருக்கு 6,460 டாலர் மிச்சம் உடனே தொடங்கும். அதை அறிந்த வாங்குபவர் விலையைச் சற்று உயர்த்திக் கொடுக்கவும் தயாராக இருப்பார். அத்துடன், பழைய உரிமையாளர் எழுதிக்கொடுத்து, பணமில்லாமல் செய்யாமல் விட்ட அஸ்திவாரப் பணியும் ஜன்னல் பணியும் அடங்கிய பத்தாண்டுப் பட்டியலும் புதியவர் பெயருக்கு மாறும். அடுத்த ஆய்வில் நகராட்சி அவரிடம்தான் கேட்கும்.